ஜெர்மன் சி1 மட்டும் போதாதாம், கோமதி!

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள கோமதி,

நலம். உன் மூட்டுவலிக்கு டாக்டர் என்ன சொன்னார், எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தும் எட்டிப் பார்க்காமல் போன சண்டை தனியாக இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போ தலைவலி எங்க பொண்ணு மலர்தான். பி.ஏ. இங்கிலீஷ் முடிக்கப் போகிறாள். அடுத்து எம்.ஏ. ஜெர்மன் இலக்கியமாம், ஜெர்மனியிலேயே! "அங்க போறவன்லாம் கார் இன்ஜினியரிங்தானே படிக்கிறான்?" என்கிறார் உங்க அண்ணன்.

பணம் கூடப் புரட்டிவிடலாம்டீ. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. விசாவுக்குத்தான் ஒரு வருஷச் செலவு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்டணும். மாசம் 992 வீதம் அவள் கைக்கே திரும்பி வரும். உத்தங்குடி மனை எதற்கு இருக்கிறது?

இடிப்பது வேறு இடம். ராத்திரியில் மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஜெர்மனில் தனக்குத்தானே பேசி, சி1 என்கிற உயர்நிலை மொழித் தேர்வு வரைக்கும் வந்துவிட்டாள். பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சோ என்று எதிர்வீட்டு அக்காவே கேட்டாச்சு. ஆனால் சி1 வெறும் மொழிச் சான்றுதானாம். ஜெர்மன் இலக்கியம், மொழியியல் இரண்டையும் இளங்கலையிலேயே படித்திருக்கணும் என்று துறைகள் கேட்கின்றன. பல இடங்களில் மத்தியகால ஜெர்மனும் உண்டு. கேட்பதில் தப்பில்லை. தமிழ் சரளமாகப் பேசுகிறான் என்று யாரையாவது எம்.ஏ. தமிழில் நாம் சேர்ப்போமா?

ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிக்கும் முதுகலையிலும் ஒப்பிலக்கியத்திலும் சில இடங்களில் இங்கிலீஷ் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். எனக்கு ஒப்பிலக்கியம் பிடித்திருக்கிறது. அவளோ டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் எம்.ஏ. முடித்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம்!

"படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று வாய்வரை வந்தது, கோமதி. நம்மிடம் பெரியப்பா கேட்ட அதே கேள்வி, அதே ராகம். முழுங்கிவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரமாட்டேங்குது.

உன் நாத்தனார் மகன் ஜெர்மனியில் டார்ட்மண்டில் இருக்கிறானே, நம்ம ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க எத்தனை வாரம் ஆனது என்று கேட்டுச் சொல். 2022 நவம்பரிலிருந்து நம் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் படிப்பு விசா கிடையாது. குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசித் தேதி, அதனால் சீக்கிரம் கேள்.

மலர் நம்பரை மட்டும் அவனிடம் கொடுத்துத் தொலைக்காதே. மறுநாளே உன் நாத்தனார் ஜாதகத்தோடு வாசலில் நிற்பாள்.

அன்புடன்,
செல்வி