அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள்: சி.எம்.டி.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் பிளான் போடுவதும் நிலம் அளப்பதும் எங்கள் தொழில். எங்களுக்குக் கூலி தருபவர்கள் விண்ணப்பதாரர்கள்தான். அவர்கள் பக்கம் இருந்துகொண்டேதான் இதை எழுதுகிறோம்.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவின்படி நில உபயோக மாற்றம் (குடியிருப்பு என்று குறித்த மனையைத் தொழிற்சாலை, கடை என்று வேறு உபயோகத்துக்கு மாற்றுவது) கேட்டால் நாளிதழில் விளம்பரம் வருகிறது. ‘சாத்தாங்காடு கிராமம், சர்வே எண் இன்னது’ என்று பொடி எழுத்தில் போட்டால், தன் பின்சுவரை ஒட்டிய காலிமனைதான் அது என்று யாருக்குப் புரியும்? மக்களுக்குத் தெரிந்தது தெருப் பெயரும் கதவு எண்ணும். ஆட்சேபணைக் கெடு முடிந்து, கன்டெய்னர் லாரி தெருவுக்குள் திரும்பும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பிறகு வழக்கு, தடை உத்தரவு. கடன் வாங்கி இடம் வாங்கியவருக்கும் வட்டி ஏறுகிறது.

அதனால் விண்ணப்பத்தைப் பதிவதற்கு முன்பே நேரடித் தகவலைக் கட்டாயமாக்குங்கள். மனையை ஒட்டிய எல்லாருக்கும், எதிர்ச்சாரிக்கும், வண்டி வந்துபோகும் தெரு முழுவதற்கும்.

பட்டியல் எடுப்பதில்தான் சிக்கலே. புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) டி.எஸ்.எல்.ஆரையும் (நகர நில அளவைப் பதிவேடு) மட்டும் நம்பினால் கடிதம் பாதிப் பேருக்குப் போகாது. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். பாகம் பிரித்துக்கொண்ட நான்கு குடும்பங்கள் உள்ளே இருக்கும். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் தலைமுறையாக வீடு கட்டி வாழ்பவர்களின் கடிதம் கோயிலுக்குப் போகும். வாரியக் குடியிருப்பில் கிரயப் பத்திரம் வாங்காமல் ஒதுக்கீட்டு ஆணையோடு நின்றுபோனவர்களின் கடிதம் வாரிய அலுவலகத்துக்குப் போகும். ஆக, ஒரே மனைக்கு இரண்டு கடிதம் வேண்டும்: ஒன்று பட்டாதாரருக்கு, இன்னொன்று ‘குடியிருப்போர்’ என்று கதவு எண்ணுக்கு. பழைய எண், புதிய எண் இரண்டையும் போட வேண்டும். ஒன்றை விட்டாலும் ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வரும். திரும்பிய உறையைத் தகவல் கொடுத்ததற்குச் சாட்சியாகக் கோப்பில் சேர்க்கும் பழக்கம் வேண்டாம். அந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கடிதம் ஒரே பக்கம், தமிழில் போதும். இப்போது ‘ஆதாரக் குடியிருப்பு’ (முக்கியமாக வீடுகளுக்கு என்று குறித்த பகுதி), கேட்பது தொழிற்சாலை என்று நேராகச் சொல்லட்டும். என்ன தொழில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், ராத்திரி வேலை உண்டா, வாசல் எந்தத் தெருவில், கழிவுநீர் எங்கே போகிறது, இதுதான் ஜனங்கள் கேட்பது. ‘வணிகப் பயன்பாடு’ என்று மொட்டையாக எழுதுவது மளிகைக் கடைக்கும் பொருந்தும், ஸ்கிராப் கிடங்குக்கும் பொருந்தும். கூடவே கையால் வரைந்தாலும் சரி, நான்கு பக்கமும் யார் வீடு என்று காட்டும் ஒரு படம். மனை வாசலிலும் தெருவில் நின்று படிக்கும் அளவுக்குப் பலகை.

செலவைச் சொல்லி யாராவது மறுத்தால், முப்பது நாற்பது விரைவு அஞ்சல் ஒப்புகையோடு அனுப்பும் காசு, நாளிதழ் விளம்பரக் காசின் பக்கத்தில்கூட வராது.

கெடு நாளைக் கடைசிக் கடிதம் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். ஆட்சேபணையை மண்டல அலுவலகத்திலேயே வாங்கி எண்ணிட்ட ரசீது கொடுங்கள். எர்ணாவூரிலிருந்து எழும்பூருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். ஆட்சேபணையை ஏற்காவிட்டால், ஏன் என்று எழுத்தில் பதில் போகட்டும்.

இப்படிக்கு,
வடசென்னைப் பிளான் வரைவோர், நில அளவர்கள்