பதிவேட்டில் இடமில்லாத பெண்கள்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே வெயில் கொளுத்துகிறது; மாலையில் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவதையும் நிறுத்திவிட்டேன். அணைக்கட்டுப் பக்கம் போயிருந்த தம்பி இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வந்தான். குழம்பு கொதிக்கும்போது உன் நினைப்புதான். நீ வேலை பார்த்த வாலாஜா, 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ராணிப்பேட்டையோடு போய்விட்டது. என் வாயில் மட்டும் இன்னும் வட ஆற்காடுதான் வருகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேத்தியின் கல்லூரியில் அவசரக் கருத்தடை மாத்திரை தரும் இயந்திரத்தைப் பார்த்து உனக்கு நெஞ்சு படபடத்ததாம். "மாணவிகளுக்கு இதையெல்லாம் பொதுப் பணத்தில் கொடுக்கலாமா? நாளைக்கு நம் ஊரிலும் கேட்பார்களே?" என்று எழுதியிருக்கிறாய். கேட்கட்டும், வசந்தா. கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்; கோபித்துக்கொள்ளாமல் படி.

முதலில் நீ இருக்கும் அமெரிக்காவைப் பற்றி. அங்கும் இது எளிதில் வந்துவிடவில்லை. கல்லூரி மருத்துவ மையங்களுக்கு மருந்து நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் கருத்தடை மாத்திரை கொடுத்து வந்தன. 2005ஆம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரில் வந்த ஒரு சட்டத்தில் சலுகை பெறும் இடங்களின் பட்டியலில் கல்லூரிகள் விடுபட்டுப்போயின. 2007இல் அது நடைமுறைக்கு வந்ததும் விலை பல மடங்கு ஏறியது. 2009இல்தான் அதைச் சரிசெய்தார்கள். பிறகு 2012இல் சாண்ட்ரா ஃப்ளூக் என்ற சட்டக்கல்லூரி மாணவி, மாணவர் காப்பீட்டில் கருத்தடைச் செலவையும் சேர்க்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகள் முன்னால் பேசினார். சினைப்பை நீர்க்கட்டிக்காக அதே மாத்திரை தேவைப்பட்ட தன் தோழி ஒருத்தி, அது கிடைக்காமல் சினைப்பையையே இழந்ததையும் சொன்னார். அதற்காக ஒரு வானொலிப் பேச்சாளர் அவரை வாயில் வராத வார்த்தையால் ஏசிவிட்டுப் பின்னால் மன்னிப்புக் கேட்டார். நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் அந்த அட்டையை வாங்கும்போது அவர்கள் தலை குனிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் ஊர். பொதுப் பணத்தில் கருத்தடை என்பது நமக்கு என்ன புதிதா? 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய முதல் நாடு இது. நிரோத் ஆணுறை, மாலா-என் மாத்திரை, காப்பர்-டி எல்லாவற்றையும் செவிலியர்களாக இருந்த நாமே நம் கையால் இலவசமாகக் கொடுத்திருக்கிறோம். 2016க்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும், லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த சாயா மாத்திரையும் சேர்ந்துகொண்டன. சாயாவில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று. ஆக, மருந்து இருக்கிறது, பணமும் இருக்கிறது. யாருக்கு என்பதில்தான் சிக்கல். நாம் சுமந்துகொண்டு திரிந்த பதிவேட்டின் பெயரை நினைத்துப் பார்: தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கணவன் பெயர், மனைவி பெயர், குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தைக்கு வயது என்ன. கல்யாணமாகாத பெண்ணை எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. 2014இல் வந்த வளரிளம் பருவத்தினர் திட்டமும் பத்தொன்பது வயதோடு நின்றுவிடுகிறது. இருபது வயதிலிருந்து தாலி ஏறும் வரைக்கும் ஒரு பெண் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. கல்லூரியில் படிப்பவர்களில் எத்தனையோ பேர் அந்த வயதுக்காரிகள்.

கருத்தடைக்கு ஆள் சேர்க்கச் சொல்லி இலக்கு வைத்து நம்மை விரட்டிய காலம் உனக்கு மறந்திருக்காது. மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, இத்தனை கேஸ் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். குறைந்தால் எல்லார் முன்னாலும் திட்டு. 1996இல் இலக்கை எடுத்தார்கள், மூச்சு விட்டோம். வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றவர்கள் நாம். அந்த அரசாங்கம்தான், தானாக வந்து கேட்கும் பெண்ணிடம் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று விசாரிக்கிறது. கேட்காதவளை விரட்டி விரட்டிக் கொடுத்தோம், கேட்டவளைத் திருப்பி அனுப்புகிறோம். இது என்ன நியாயம் என்று நீயே சொல்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது. மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்தவள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். நாள் தள்ளிப்போனதும் யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. அந்தப் பையன் சித்தூர் பக்கம் போய், என்ன மாத்திரை என்றே தெரியாமல் எதையோ வாங்கி வந்திருக்கிறான். ரத்தப்போக்கு நிற்கவில்லை. தோழிகள் இருவர் ஆட்டோவில் தூக்கி வந்தபோது நாடி கைக்குச் சிக்கவில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், உயிர் பிழைத்தாள். படிப்பு பிழைக்கவில்லை. விடுதியில் பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். அந்த வைகாசியிலேயே வீட்டில் யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பையன் பரீட்சை எழுதினான், பட்டம் வாங்கினான். அதற்கெல்லாம் முன்னாலேயே அவள் ஒரு முறை நம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து கருத்தடை மாத்திரை கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஆனால் அங்கே வந்து கேட்கலாம் என்று அவளிடம் யார் சொன்னது?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். அருமையான திட்டம், என் அண்ணன் பேத்தியும் வாங்குகிறாள். படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மாதாமாதம் இவ்வளவு செலவழிக்கும் அரசு, அந்தப் படிப்பை ஒரே மாதத்தில் முறித்துப்போடக்கூடிய ஒன்றுக்குச் சில ரூபாய் மாத்திரையைக் கொடுக்கத் தயங்கலாமா? வரிப்பணம் என்கிறாய். வரிப்பணத்தில் படிக்கவைத்த பெண்ணைப் பாதியில் இழப்பதுதான் எனக்கு வீண் செலவாகத் தெரிகிறது.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 2021இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, கருத்தடை தோற்றுப்போனால் என்ற பகுதியில் 'கணவர்' என்று இருந்ததை 'துணைவர்' என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இருபத்து நான்கு வாரம் வரையிலான உரிமையில் கல்யாணமானவள், ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கலைக்க வரும்போது அவளை ஏற்றுக்கொள்கிறோம். அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ள வருகிறவளை மட்டும் முகம் சுளித்து அனுப்புகிறோம்.

கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்கிறாய். அலமாரியில் மாத்திரை இருக்கிறது என்பதற்காகக் காதலித்த ஒரு பெண்ணை என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. மாத்திரை இல்லாததால் காதலை விட்டவளையும் பார்த்ததில்லை. உன் பயம் ஒரு தாயின் பயம், அது எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் அவசரப்படக் கூடாது என்று எனக்கும் ஆசைதான். அதைச் சொல்ல வேண்டிய இடம் வீடு. மருந்து கொடுக்கும் இடத்தில் அதை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

ஐடா ஸ்கடர் அம்மையார் கதையை நாம் பயிற்சிக் காலத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று அவருடைய அப்பாவை மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படித்து, இந்த வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். அன்றைக்கு மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார், வழக்கம்தான் குறுக்கே நின்றது. இதை இப்போது நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நான் சும்மா பேசிக்கொண்டிருக்கவில்லை. ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலர் சேர்ந்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்லூரிகளுக்கு வாரம் ஒரு நாள் பெண் செவிலியர் வர வேண்டும். கதவு சாத்திய அறையில் பேச வேண்டும். கல்யாணத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது. பெற்றோருக்கோ விடுதிக்கோ தகவல் போகக் கூடாது. ரத்தசோகை, நீர்க்கட்டி, மாதவிடாய் வலி எல்லாவற்றையும் அதே அறையில் பார்த்தால் உள்ளே போகிறவளை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். பையன்களுக்கும் தனியாக ஒருவர் வேண்டும். மாத்திரை நோயைத் தடுக்காது, ஆணுறைதான் தடுக்கும் என்பதை அவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். எந்த இலக்கும் வைக்கக் கூடாது என்பதை மனுவின் முதல் வரியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். பேத்தியிடம் கூச்சப்படாமல் கேள்: அங்கே மருத்துவ மையத்தில் முதலில் யாரைப் பார்க்கிறார்கள், என்னென்ன கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அந்தத் தாளை வேறு யார் பார்க்கலாம்? அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. மாதக் கடைசிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும், அதனால் தாமதிக்காதே. மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். தை மாதம் வருவது உறுதிதானே?

அன்புடன்,
கஸ்தூரி