அண்ணகர் மணங்கள்: பகட்டு மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சீன அரண்மனை அண்ணகர்களை (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களை)ப் பற்றிய தங்கள் தொடரின் சென்ற பகுதியில், அவர்கள் மணம் செய்துகொண்டதைப் பதவிச் செருக்கு என்றும் பகட்டு என்றும் சொல்லிக் கட்டுரையாளர் முடித்துவிட்டார். மிங் மரபுக்கு முந்தைய தாங் அரசமரபின் காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பேரரசர் சுவான்சோங்கின் நம்பிக்கைக்குரிய அண்ணகர் காவ் லிஷி ஒரு சிற்றதிகாரியின் மகளை மணந்தார். மாமனாருக்குப் பதவி உயர்ந்தது. லி ஃபூகுவோ என்னும் அண்ணகருக்குப் பேரரசர் சுசோங்கே பெண் பார்த்து மணம் முடித்தார். ஆனால் மிங் அரண்மனையின் கதை வேறு.

1368இல் மிங் மரபை நிறுவிய ஹோங்வு பேரரசர், அண்ணகர் மனைவி கொள்வதைக் கடுமையாகத் தடுத்திருந்தார். அந்தத் தடை நாளடைவில் ஏட்டளவில் நின்றுபோனதற்கு அன்றாடப் பிழைப்பும் ஒரு காரணம். உள்ளே முறைப்பணியில் இருந்த அண்ணகர்களுக்குச் சமைத்துக்கொள்ள வழியில்லாததால், வெளியிலிருந்து வந்து ஆறிப்போன உணவைப் பணிப்பெண்களே சூடாக்கித் தந்தனர். வாயிலைத் தாண்ட முடியாத அப்பெண்களுக்கோ, ஒரு கட்டுக் கீரையானாலும் ஒரு கண்டு நூலானாலும் அண்ணகர்தான் வாங்கிவர வேண்டும். இப்படித் தொடங்கிய உறவு, நிலவொளியில் உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்து, வான்லி பேரரசர் காலத்தில் (1572–1620) துணையில்லாத பணிப்பெண்ணைக் காண்பதே அரிது என்னும் நிலைக்கு வந்தது. ஒருவர் இறந்தால் மற்றவர் வேறு துணை தேடுவதில்லை.

அக்காலத்து எழுத்தாளர் ஷென் தெஃபு, நகருக்கு வெளியே ஒரு கோயிலில் தங்கிப் படித்தபோது கண்டதை எழுதி வைத்திருக்கிறார். எப்போதும் பூட்டியே கிடந்த ஓர் அறை. உள்ளே, இறந்துபோன பணிப்பெண்களின் பெயர் பொறித்த நினைவுப் பலகைகள். அவற்றை வைத்து வழிபட்டவர்கள் அண்ணகர்கள். ஒருவர் தம் துணைவியின் நினைவு நாளில் அங்கு வந்து மார்பில் அறைந்துகொண்டு கதறியழுதாராம். பூட்டிய அறைக்குள் யாருக்குப் பகட்டுக் காட்ட?

அண்ணகர் வெய் சோங்சியானும் மிங் மரபின் தியான்சி பேரரசரின் செவிலித்தாய் கே அம்மையாரும் சேர்ந்து அரசவையையே ஆட்டிப்படைத்ததும், 1627இல் இருவரும் மாண்டதும் உண்மைதான். கட்டுரையின் பெரும்பகுதியை அந்தச் சோடியே எடுத்துக்கொண்டிருக்கிறது (சுவையான கதை அல்லவா!). ஆனால் பேரரசரின் செவிலித்தாய்க்கு இருந்த செல்வாக்கு, கீரை வாங்கவும் பிறர் கையை எதிர்பார்த்த பணிப்பெண்ணுக்கு ஏது? அத்தகைய பெண்களில் பலரும் தாமாக விரும்பி அரண்மனைக்கு வந்தவர்களும் அல்லர். தொடரின் அடுத்த பகுதியிலாவது அவர்களைப் பற்றி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.