மறதி மருந்து விளம்பரங்களைத் தடுத்து நிறுத்துங்கள்

தமிழ்நாடு அரசின் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் தாயாருக்கு ஆரம்பக் கட்ட டிமென்ஷியா, அதாவது நினைவாற்றல் படிப்படியாகக் குறையும் மறதி நோய். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரையோடு, உறவினர்கள் அக்கறையோடு வாங்கித் தந்த வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா (அஸ்வகந்தா) மூலிகை மருந்து டப்பாக்களும் அவரது மருந்துப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றின் மேல் 'மறதி நோய்க்கு முற்றுப்புள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன, எவ்வளவு என்பதோ பொடி எழுத்து ஆங்கிலத்தில்.

'வல்லாரை உண்டவனோடு மல்லாடாதே' என்று கேட்டு வளர்ந்தவள் நான். வல்லாரைத் துவையல் இன்றும் எங்கள் வீட்டில் உண்டு; மூலிகைகள் மேல் எனக்குப் பகை இல்லை. நீர்ப்பிரமி கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில், நோயில்லாதவர்களின் நினைவாற்றல் ஓரளவு கூடியது. அதை வைத்து டிமென்ஷியா குணமாகும் என்று சொல்ல முடியுமா? மறதிக்கென்று மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட மூலிகை, கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் அதைச் சோதித்து, சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: டிமென்ஷியா வருவதை அது தடுக்கவில்லை.

மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படியும் இந்த டப்பாக்கள் தடையின்றி விற்பனையாகின்றன.

பணம் போவதைவிடக் காலம் போவதுதான் என்னை வதைக்கிறது. வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. 'இந்த டப்பா தீரட்டும், பார்க்கலாம்' என்று இருந்துவிடும் குடும்பங்கள் அந்த வாய்ப்பைத் தவறவிடுகின்றன. அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகமாக்கும். என் தாயாரின் பெட்டியில் இருந்த டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உரிமம் வழங்குவது உங்கள் துறை. எந்தெந்த மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வையுங்கள். குணமாக்கும் என்று விளம்பரம் செய்வோர் மேல் வழக்குத் தொடுங்கள். மறதி என்று வரும் முதியவர்களை முதலில் பி12, தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சித்த மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்த மூன்றாவது வேலையை நாளைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
டிமென்ஷியா நோயாளி ஒருவரின் மகள்