அத்தானுக்கு, பதினெட்டாம் பெருக்குக்கு முன்னால்

அத்தான்,

வேலையை விட்டுவிட்டேன். அக்காவுக்கும் இன்னும் சொல்லவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு ஊருக்கு வருகிறேன். படித்துறையில் என்னைப் பார்த்து நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அத்தனை பேர் எதிரில் எனக்குத் தாங்காது, அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். போனைத்தான் எடுப்பதில்லையே.

ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். தொகை எழுத மாட்டேன். எத்தனை மா நிலம் என்றும் எழுத மாட்டேன்.

கோவாவில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. 'கப்பல்ல இருக்கான்' என்பதோடு சரி. மாண்டோவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கிற சூதாட்டக் கப்பல், எங்கேயும் போகாது. அதில் போக்கர் என்கிற சீட்டாட்ட மேஜைகளை மேற்பார்த்தவன் நான். எந்த மேஜையில் பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கிற பந்தயம், எவ்வளவு, குறைந்தது எவ்வளவு கொண்டு உட்காரலாம், அதிகபட்சம் எவ்வளவு என்று மேலே யோசனை சொல்வதும் என் வேலை. சின்ன பிளைண்ட் நூறு, பெரிய பிளைண்ட் இருநூறு என்கிற மேஜையில் பெரியதைப் போல நாற்பது மடங்கு, அதாவது 8,000 ரூபாய் இல்லாமல் உட்கார முடியாது. நூறு மடங்குக்கு மேல், 20,000-க்கு மேல், கொண்டு உட்காரவும் முடியாது என்று இருந்தது. புதிதாக வருகிறவன் ஒரே கையில், அதாவது ஒரே சுற்று ஆட்டத்தில், மொத்தமும் தொலைத்துவிட்டு எழுந்து போகாமல் இருக்கத்தான் அந்த மேல்வரம்பு. நம்மூர் மோட்டார் கொட்டகையில் பொங்கல் ராத்திரி மூணு சீட்டு ஆடும்போது இதெல்லாம் கிடையாது. ஆட்டம் பாதியில் இருக்கும், ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி சங்கிலியோடு வருவார். கப்பலில் கை நடக்கும்போது பாக்கெட்டைத் தொட முடியாது. எதிரே இருக்கும் சிப்புதான், காசுக்குப் பதில் தருகிற வில்லைதான், கணக்கு. அந்த ஒரு விதிக்காகவே அந்த இடத்தை நான் மதித்தேன்.

அந்த வரம்பை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

ஜெயித்தவர்கள் முன்னால் லட்சக்கணக்கில் சிப் குவிந்திருக்கும். 20,000-ஐ வைத்துக்கொண்டு அங்கே உட்கார யாருக்கும் மனம் வராது, மேஜை கலைந்துவிடும். சரி, மேஜையில் யாரிடம் அதிகமோ அவர் அளவுக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு ஊர்களிலும் இருக்கிற விதிதான், நான் கண்டுபிடித்ததல்ல. அப்புறம் மேஜை விடியும்வரை கலையவில்லை. கலையாத மேஜையில்தான் கப்பலுக்கு ரேக், பந்தயப் பணத்திலிருந்து எடுக்கிற கமிஷன். எனக்கும் சம்பளம் ஏறியது.

மாசியில் நீங்கள் வந்தீர்கள். சம்பா நெல் போட்ட பணம் மஞ்சப்பையில். சிப்பை அடுக்கும்போது 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் எண்ணினீர்கள், களத்தில் மரக்கால் போடுகிற மாதிரி. டீலர் பெண் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மூன்று மணிக்கு உங்கள் முன்னால் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்து, "டேய், அவர் வச்சிருக்கிற அளவுக்கு நானும் எடுக்கலாமாடா?" என்றீர்கள்.

தலைக்கு மேலே கேமரா. என் உறவுக்காரர் ஆடுகிறார் என்று நான் மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

"யெஸ் சார்" என்றேன்.

"சாரா?" என்று கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? 2025 ஆகஸ்டில் சட்டம் வந்து போனில் காசு வைத்து ஆடுவது நின்றபோது அக்கா எனக்குப் போன் பண்ணி அழுதாள், சந்தோஷத்தில். ஆறே மாதத்தில் கோவாவுக்கு ரயில் ஏறினீர்கள். டிக்கெட் நானா போட்டேன்? அப்பா பங்கில் எனக்கு வரவேண்டியதை இத்தனை வருஷமாக நீங்கள் உழுகிறீர்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா? இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பழைய வரம்பே இருந்திருந்தாலும் உங்களைத் தடுத்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது ஒருமுறை வாங்குவதற்குத்தான் வரம்பு, ஒரு ராத்திரிக்கு இல்லை. தோற்றால் மறுபடி 20,000, மறுபடியும் 20,000. எத்தனை தடவை என்று எந்தப் பலகையிலும் போட்டிருக்காது. ஆனால் விடிவதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும். பை காலியாக அத்தனை நேரம் பிடித்திருக்கும். அந்த நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பெருக்குக்கு முதல் நாள் காலையில் கும்பகோணத்தில் இறங்குவேன். கூப்பிட யாரும் வரவேண்டாம், பஸ் இருக்கிறது.

அக்கா, நீ இதை அவரிடம் படித்துக் காட்டாதே. அவரே படிக்கட்டும்.