ஒரே ராத்திரியில வந்தது படம் மட்டும்தான்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல ஸ்விஸ் வாட்ச் கம்பெனி ஆடெமார் பிகேயோட ராயல் ஓக் வாட்ச் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு இடத்துல தூக்கிவாரிப் போட்டுச்சு. கண்ணாடியச் சுத்தி இருக்கிற முகப்பு வளையத்துல எட்டு ஸ்க்ரூவோட தலைக் காடியும் ஒரே வட்டத்துல வர்ற மாதிரி தொழிலாளி ஒவ்வொண்ணா திருகி நிறுத்துறார்னு போட்டிருக்கீங்க. சார், நான் முப்பது வருஷம் லேத் பட்டறையில இருந்தவன், அது திரும்பவே திரும்பாது. தலை அறுகோணம், அது உக்கார்ற குழியும் அறுகோணம், அப்புறம் எப்படித் திரும்பும்? கேஸ், அதாவது வாட்சோட உடம்பு, முழுக்க ஊடுருவிப் போகுது, டைட் பண்றது பின்பக்கத்துல இருந்து. முகப்புக்கும் கேஸுக்கும் நடுவுல ஒரு காஸ்கெட், அதாவது கசிவு தடுக்கிற வளையம், இருக்கு, அத அமுக்கித் தண்ணி போகாம பாத்துக்கிறது இந்த எட்டும்தான். சும்மா அழகுக்கு வெச்சதில்ல.

அடுத்தது அந்த ஒரே ராத்திரி கதை. சாயங்காலம் 4 மணிக்கு கம்பெனி தலைவர் ஜார்ஜ் கோலே போன் பண்ணாராம், காலைல டிசைன் வேணும்னாராம், டிசைனர் ஜெரால்ட் ஜென்டாவும் கடல்ல முங்குறவங்க போடுற பழைய ஹெல்மெட்ட மனசுல வெச்சு விடியறதுக்குள்ள வரைஞ்சு குடுத்துட்டாராம். ஜென்டாவே சொன்னது, இருக்கட்டும். ஆனா வந்தது படம், வாட்ச் இல்லையே! வாட்ச் ஸ்விட்சர்லாந்து பாசல் ஊர் வாட்ச் கண்காட்சிக்கு வந்தது 1972ல. மாதிரி பீஸ வெள்ளைத் தங்கத்துல செஞ்சு பாத்தாங்க, ஏன்னா அது ஸ்டீல விட மென்மை, சுலபமா வெட்டலாம். ஸ்டீல்ல ஒரு பக்கம் பிரஷ் ஃபினிஷ், அத ஒட்டினாப்ல கண்ணாடி மாதிரி பாலிஷ், நடுவுல விளிம்பு மழுங்காம நிக்கணும், பஃபிங்ல நின்னவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அப்புறம் கேஸோட ஒட்டியே வர்ற அந்தச் செயின், பூட்டுப் பக்கம் போகப்போக கண்ணி சின்னதாகிட்டே வரும், அதச் செஞ்சது ஜெனீவால இருந்த கே ஃப்ரேர் கம்பெனி, அவங்க பேரு உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. 39 மி.மீ. வாட்சுக்குள்ள 3.05 மி.மீ. தடிமன்ல தேதியோட ஓடுற ஆட்டோமேட்டிக் மெஷின வெச்சவங்களும் இல்ல. ஸ்டீல் வாட்சுக்கு 3,000 ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல விலை வெச்சாங்கன்னா சும்மாவா, இந்த வேலைக்குத்தான அந்தக் காசு.

இன்னொண்ணு, வாஷெரோன் கம்பெனியோட 222 வாட்சையும் ஜென்டா கணக்குல எழுதிட்டீங்க. அது யோர்க் ஹைசெக் வரைஞ்சது, 1977. 1976ல வந்த படேக் கம்பெனியோட நாட்டிலஸ் வாட்ச்தான் ஜென்டாவோடது. மூணும் ஒரே ஜாடைங்கிறதால நெறைய பேர் இப்படிக் குழப்பிக்கிறாங்க.

அடுத்த தடவ இந்த வாட்ச் படம் போட்டா பின்பக்கத்தையும் சேத்து ஒரு போட்டோ போடுங்க சார், எங்கேர்ந்து டைட் பண்றாங்கன்னு தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் டர்னர் ஒருத்தர்