யாழினிக்கு, கார் வாங்கும் முன்

ட்ராய், மிச்சிகன்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாய் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். வாரந்தோறும் அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன பாவத்துக்கு, இந்தக் கடிதத்தையாவது முழுதாக வாசித்துவிடு.

இரண்டு கோடை விடுமுறைகளில் வேலை பார்த்துச் சேர்த்த 9,000 டாலரில் பழைய மசில் கார், அதாவது சாதாரண உடலில் பெரிய எஞ்சினை வைத்த அமெரிக்க வேகக் கார், வாங்கப் போகிறாய் என்று கேட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தாள், நான் சுளிக்கவில்லை. அந்த வகைக் கார்களே கையில் அதிகம் காசில்லாத இளவட்டத்தை நம்பிப் பிறந்தவைதாம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் ஜான் டெலோரியன் முதலான பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், 1964 மாடல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு முந்நூறு டாலருக்கும் குறைந்த கூடுதல் வசதியாக நுழைத்துவிட்டார்கள். அந்தக் கார்தான் ஜி.டி.ஓ. மசில் கார் வகை இப்படிப் பிறந்தது. பிறகு காப்பீட்டுக் கட்டணமும், புகைக் கட்டுப்பாடும், 1973 அக்டோபரின் எண்ணெய்த் தடையும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. அன்று மலிவாக விற்றது இன்று பணக்காரர்களின் சேகரிப்புப் பொருள் ஆகிவிட்டது என்பதுதான் உனக்கு இருக்கும் சிக்கல்.

நீ அனுப்பிய 1969 கமாரோ விளம்பரத்தை இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, உருட்டித்தான் ஏற்ற வேண்டும், விலை 8,500. "அசல் எஸ்.எஸ்.", அதாவது கமாரோவின் வேகமான மாடல், என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில் தெரியும், ஆலையில் பொறித்த அடையாள எண் தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்: 12337 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் கமாரோவைச் செய்த ஷெவர்லேயைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்களில் 23 என்றால் ஆறு சிலிண்டர், 24 என்றால் எட்டு சிலிண்டர் கொண்ட வி-8. கமாரோ எஸ்.எஸ். ஒன்றுகூட ஆறு சிலிண்டரோடு ஆலையை விட்டு வெளியே வந்ததில்லை. ஆகவே அந்த எழுத்துகள் கடையில் வாங்கி ஒட்டியவை. இன்னொன்றையும் கவனி: ஆண்டைக் குறிக்கும் 9-ஐ அடுத்து 'என்' என்ற எழுத்து இருக்கிறது. அது உங்கள் ஒஹாயோவிலேயே, சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட்டில் இருந்த ஆலையைக் குறிக்கும். அங்கே பிறந்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாலையில் கொட்டும் உப்பைத் தின்றுகொண்டு அதே மாநிலத்தில் நின்ற காருக்கு அடியில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டவன்.

அந்தக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 1997-இல் ஆராய்ச்சி உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது, 1972 ஷெவர்லே நோவா கார் ஒன்றை 1,700 டாலருக்கு வாங்கினேன். 350 கன அங்குல வி-8, புதிதாக அடித்த சிவப்புப் பெயின்ட். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் டயர் பஞ்சர் ஆனது. ஜாக்கியை வைத்துச் சுற்றினேன், சுற்றினேன், கார் எழும்பவே இல்லை. வறட்டு ரொட்டியை விரலால் அழுத்துவதைப் போல ஜாக்கிதான் உடலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், பின்பக்கச் சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியிழைத் துணியும், அதன்மேல் ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டி விரல் தடிமனுக்கும், அதன்மேல் கறுப்புப் பூச்சும் இருந்தன. நோவாவில் முன்புறம்தான் தனிச் சட்டம். பின்புறத்தில் உடலே சட்டம். உடல் போனால் கார் போயிற்று. கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் 150 டாலருக்குத் தள்ளினேன். எஞ்சின் மட்டும் அன்றைக்கும் அருமையாக ஓடியது, அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

இதனால்தான் எத்தனை முறை கேட்டாலும் ஒன்றையே சொல்கிறேன்: நீ வாங்குவது உடலை. எஞ்சினை அடுத்த வருடம் இறக்கிப் பிரிக்கலாம், பதினைந்து வருடம் கழித்து மாற்றலாம். பாகங்கள் எல்லாமே கிடைக்கும். துருப்பிடித்த தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கும் டிங்கர் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி. அதை ஆரம்பித்தால் உன் 9,000 போகும் வழி தெரியாது, காரும் ஓடாது.

இரண்டாவதாக, தயக்கத்தோடு ஓரமாக அனுப்பியிருந்தாயே, அரிசோனாவிலிருந்து வந்த 1972 டாட்ஜ் டார்ட் ஸ்விங்கர், 5,800 டாலர், அதைத்தான் பார்க்கப் போக வேண்டும். "ஆறு சிலிண்டர், அது மசில் காரே இல்லைப்பா" என்கிறாய். இல்லைதான். ஆனால் இதே உடலில் 340 கன அங்குல வி-8 வைத்து 1969-இலும் 1970-இலும் ஸ்விங்கர் 340 என்று விற்றார்கள். கூடு ஒன்று, உயிர்தான் வேறு. இதில் இருப்பது 225 கன அங்குல ஸ்லான்ட் சிக்ஸ். முப்பது பாகை சாய்ந்து படுத்திருக்கும் அந்த எஞ்சினை, கொஞ்சம் முரட்டுத்தனமாக நடத்தினாலும் பொறுத்துக்கொள்ளும் பிறவி என்பேன். காகிதத்தில் 110 குதிரைத்திறன் என்று பார்த்துச் சோர்ந்துவிடாதே. முந்தைய வருடம் இதற்கே 145 என்று போட்டிருந்தார்கள். 1972-இலிருந்து மின்னாக்கி, காற்றுவடிகட்டி, புகைக்குழாய் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கினார்கள். குறைந்ததில் பெரும்பகுதி அளக்கும் முறையால் வந்தது.

பிற்பாடு வி-8 மாற்ற ஆசை வந்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் எஞ்சினை மட்டும் இறக்கி வைத்தால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எஞ்சினைத் தாங்கும் முன் குறுக்குச்சட்டம் வேறு, ஸ்பிரிங்குபோல முன்பக்க எடையைத் தாங்கும் முறுக்குக்கம்பிகளும் தடிமனானவையாக வேண்டும். ஆறு சிலிண்டர் கார்களில் வழக்கமாக வரும் 7¼ அங்குலப் பின் ஆக்ஸில் அந்த இழுவையை அதிக நாள் தாங்காது. அதற்கு முன்னால் பிரேக். நான்கு சக்கரத்திலும் சிறிய டிரம்தான். 1973-க்குப் பிந்தைய டார்ட்டின் முன் டிஸ்க் பிரேக்கை இதில் மாட்டலாம். ஆனால் சக்கர போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் நான்கு அங்குலத்திலிருந்து நாலரைக்கு மாறுவதால் சக்கரமும் மாற்ற வேண்டிவரும். உன் வேகத்தை நான் பயணியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள். காருக்கு 6,000-க்கு மேல் ஒரு டாலரும் கொடுக்காதே. 2,000 டாலர் டயருக்கும் பிரேக்குக்கும் ரப்பர் குழாய்களுக்கும்: இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவதைக் காண நான் விரும்பவில்லை. மீதி வரிக்கும் பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும். பழைய கார்களுக்கென உள்ள காப்பீடு மலிவுதான்; மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள் என்பது அதில் நல்ல விஷயம். ஆனால் அன்றாடம் ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும், இரவில் பூட்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். உன் வயதைப் பார்த்துத் தயங்கவும் செய்வார்கள். ஆகவே அம்மாவின் பழைய கரோலாவை விற்கும் யோசனையைக் கைவிடு. உப்பு போடும் மாதங்களில் டார்ட் நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கட்டும். என் தச்சு மேசையை நகர்த்திவிடுகிறேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போகும்போது, பக்கத்து இருக்கை எனக்கு.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கொலம்பஸ் வந்துவிடுவேன். நான் வரும்வரை முன்பணம் கொடுக்காதே. உடைமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, பத்திரம் விற்பவரின் பெயரிலேயே இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வை. காந்தம், கைவிளக்கு, கீழே விரித்துப் படுக்கப் பழைய போர்வை எல்லாம் நான் கொண்டுவருகிறேன். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின் சக்கர வளைவின் கீழ்ப்பகுதியில் நீயே வைத்துப் பார். அது பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது என்று பொருள். தரைவிரிப்பைத் தூக்கித் தளத்தையும் பார். முறுக்குக்கம்பிகளின் பின்முனை பொருந்தும் குறுக்குச்சட்டத்தை நான் அடியிலிருந்து பார்க்கிறேன். அங்கே துரு இருந்தால் பேச்சே இல்லை, காலைச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடு: நாம் வருவதற்கு முன் காரை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நீ சாவியைத் திருப்ப வேண்டும்.

அன்புடன்,
அப்பா